வாசிக்க ஒரு மஞ்சள்

"கண்ணத் தொறக்கப்பிடாது ஐயா, நான் வந்து சொல்லுத வரைக்கும் மூடியே இருக்கணும்" என்று சொல்லி, சங்கரலிங்கத்தின் இடது கையில் ஓர் உருண்டை பஞ்சைத் திணித்துவிட்டு, அந்த நர்ஸ் பெண் சொட்டு மருந்தோடு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். அவர் மூடிக்கொண்டார். கண் தெரிய வேண்டும் என்று வந்தவனைப் பார்த்து முதலில் கண்ணை மூடு என்கிறார்கள், நல்ல ஆஸ்பத்திரிதான். மருந்து எரிந்தது. எரிச்சல் மூக்குக்குள் இறங்கி, அங்கிருந்து தொண்டைக்குப் போய்க் கசந்தது. கண்ணில் விட்டது நாக்குக்கு எந்த வாய்க்கால் வழியாக வந்தது என்று யோசித்தார். எந்த மதகைத் திறந்தால் எந்த வயலுக்குத் தண்ணீர் பாயும் என்று பொதுப்பணித் துறையில் எழுதி எழுதியே ஆயுசில் பாதியைத் தீர்த்தவருக்கு வேறென்ன யோசனை வரும். இமைக்குள்ளே செம்மண் கரைத்த மாதிரி ஒரு நிறம் ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வெயில் நேராக முகத்தில் விழுகிறது, காது கூடச் சுடுகிறது. அப்படியானால் உள்ளே கொஞ்சமாவது மஞ்சள் தெரிய வேண்டாமா? தெரியவில்லை. கண்ணை மூடியிருக்கும்போது மஞ்சள் தெரியாமல் போவது ஒரு குற்றமா என்று தன்னையே அதட்டிக்கொண்டு, சட்டைப் பையைத் தடவிப் பேனாவை எடுத்து வலது கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் காந்திமதி வயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவள் வளையல் சத்தத்தில் தெரிந்தது. பேனாவை எடுத்ததை அவள் பார்த்திருப்பாள். இப்போதெல்லாம் அவள் பேனாவைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை.

அந்தப் பேனாவில் இருப்பது அவர் கலந்த மை. பொன்மஞ்சள். ஆபீஸில் மைக்கு ஜாதி உண்டு. நீலமும் கறுப்பும் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு. சிவப்பு, அடுத்தவன் எழுதியதில் தப்புக் கண்டுபிடிக்கிறவனுக்கு. பச்சை, எதையும் எழுதாமல் அடியில் கையெழுத்து மட்டும் போடுகிற அதிகாரிக்கு. சங்கரலிங்கம் சூப்பரின்டென்டன்ட் வரைக்கும் வந்தும் நீலத்தைத் தாண்டவில்லை. ரிட்டயர் ஆன பிறகு எந்த நிறத்தில் எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள், பச்சையில் எழுதியிருக்கலாம். ஆனால் பச்சையைத் தொட்டால் ஆசைப்பட்டு எடுத்தது போல ஆகிவிடும், அது அவருக்கு ரோஷம். மஞ்சள் மட்டும்தான் எந்த மேஜையிலும் இல்லாதது. மஞ்சளில் யாரும் யாரையும் சஸ்பெண்ட் செய்ததில்லை. பெங்களூரில் இருக்கிற மகன் போன தைப் பொங்கலுக்கு வந்தபோது, "அப்பா, உங்களுக்குன்னு வாங்கினேன்" என்று இரண்டு கண்ணாடிக் குப்பி மையைக் கொடுத்தான். கொல்லை வெயிலில் முக்காலியைப் போட்டு, பட்டை நிப்புப் பேனாவில் நிரப்பி, முதல் எழுத்தை எழுதியது இப்போதும் விரலில் இருக்கிறது. கோடு தொடங்கும் இடத்தில் எலுமிச்சம்பழத் தோல். நடுவில் நல்லெண்ணெய். வளைந்து முடிகிற இடத்தில் மை தேங்கி நின்று, காயும்போது தேனாக ஆகிவிடும். ஒரே எழுத்துக்குள் இத்தனை. ஒரு 'ழ' எழுதிவிட்டு அது காய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். காந்திமதி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, மூன்றாம் தடவை அவளே வந்து எட்டிப் பார்த்து, "அட, நல்லாத்தான் இருக்கு, தாலிக்கயித்துல மஞ்ச தேச்ச மாதிரி" என்றாள். அப்போது சொன்னாள். அப்போதெல்லாம் சொல்வாள்.

சரி, அழகு இருக்கட்டும், வாசிக்க முடிகிறதா? அதுதான் வம்பே. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்துக் காப்பிக் கடையின் மாடியில் பேனாப் பைத்தியங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். அவரவர் பேனாவையும் மையையும் கடை பரப்புவார்கள். அதில் செல்லத்துரை, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், காலமெல்லாம் பச்சையில் கையெழுத்துப் போட்டவர். சங்கரலிங்கத்தின் மஞ்சளை வாங்கிக் கைநீளத்தில் பிடித்து, பக்கத்தில் கொண்டுவந்து, மறுபடியும் தள்ளிப் பிடித்து, "வே சங்கரலிங்கம், இது பாக்கதுக்கு உள்ள மஞ்சள் வே, வாசிக்கதுக்கு உள்ளது இல்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் இவரும் சேர்ந்துகொண்டார், ஆனால் காப்பி இறங்கவில்லை. ஏன் இல்லை? நிப்பை அகலமாக்கினால்? காகிதத்தை மாற்றினால்? மையை ஒரு நூல் கனப்படுத்தினால்? நிறமும் கெடக்கூடாது, எழுத்தும் நிற்க வேண்டும், அவ்வளவுதானே? "ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொண்டாரேன், நீரே கைநீளத்துல பிடிச்சு வாசியும்" என்று சவால் விட்டுவிட்டு வந்தார். சவால் விடுகிற வயசா இது என்று படியிறங்கும்போதே தோன்றியது. வயசுதான். இந்த வயசில் விடாவிட்டால் எப்போது விடுவது? மையை எடுத்துவைத்து, ஒரு சொட்டு பிரவுன் கலந்தார். வாசித்துப் பார்த்தார், போதவில்லை. இன்னொரு சொட்டு. அது என்ன மாயமோ, இன்று சரியாக இருக்கிறது என்று மூடி வைத்தால் அடுத்த வாரம் திறக்கும்போது மறுபடி வெளுத்துக் கிடக்கும். கம்பெனிக்காரன் தண்ணியை ஊற்றியிருக்கிறான். காகிதம் சரியில்லை. எழுதுகிற அறையில் லைட்டு மங்கல். லைட்டை மாற்றினார். அதுவும் மங்கல். கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டுப் பெரிய பல்பாக வாங்கிவந்தார், எலெக்ட்ரீஷியன் ஏணியில் நின்றபடி, "அண்ணாச்சி, இது கல்யாண வீட்டுக்குப் போடுத பல்பு" என்றான். போடுடே, உனக்கென்ன. இன்னொரு சொட்டு.

லைட்டு மங்கல். இதை யார் சொல்வார்? இந்த வார்த்தை யாருடையது? வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம். பஞ்சை எடுத்து வழிந்த மருந்தை ஒற்றிக்கொண்டார். யாரோ ஒரு கிழவி, "எம்மா, எனக்குக் கண்ணுப் பாப்பா இன்னும் விரியலியா?" என்று கேட்டாள். நர்ஸ் பெண்ணின் செருப்புச் சத்தம் போனது, வந்தது. ஆவணியில் அந்த ஞாயிற்றுக்கிழமை. அதை நினைப்போம், அது நல்ல நினைப்பு. சொதி வைக்கிற விதத்தை ஒரு முழுப் பக்கம் எழுதிக்கொண்டு போனார். தேங்காய்ப் பால் முதல் பால், இரண்டாம் பால், கடைசியில் எலுமிச்சம்பழம், எல்லாம் பொன்மஞ்சளில். மடிப்பைப் பிரித்துச் செல்லத்துரையிடம் நீட்டினார். செல்லத்துரை கைநீளத்தில் பிடித்தார். வாசித்தார். எங்கேயும் நிற்காமல், திக்காமல், அசெம்பிளியில் வாசிக்கிற மாதிரி மளமளவென்று மேலிருந்து கீழ் வரைக்கும். ஒருத்தரும் கையைத் தட்டவில்லை. மலைத்துப் போய்விட்டார்கள் என்று சங்கரலிங்கம் நினைத்தார். "என்ன வே?" என்று கேட்டார், குரலில் ஜெயித்தவனின் கூத்து. செல்லத்துரை காகிதத்தை மடிப்பு மாறாமல் மடித்து, திருப்பிக் கொடுத்து, எழுந்து, இவர் தோளில் கையை வைத்தார். ஒரு தட்டு. மெதுவாக. "நல்லா எழுதியிருக்கீரு வே. சொதி ஜோரு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே போனார், காப்பிக்குக் காசை அவரே கொடுத்துவிட்டு. சொதி ஜோரு. மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தோற்றுப் போனால் செல்லத்துரை ஒத்துக்கொள்கிற ஆளா? சண்டைக்கு வர வேண்டாமா? காகிதத்தில் குற்றம், நிப்பில் குற்றம், எழுத்துப் பெரிசு, இது செல்லாது என்று குதித்திருக்க வேண்டாமா?

அந்தத் தட்டு. ஜெயித்தவனைத் தட்டுகிற தட்டு முதுகில் விழும், பலமாக விழும். தோளில் மெதுவாக விழுகிற தட்டு வேறு இடத்துக்கு உரியது. துட்டி வீட்டில், பறிகொடுத்துவிட்டு வாசலில் நிற்கிறவன் தோளில் அப்படித்தான் வைப்பார்கள். இதைப் புரட்டாசி பூராவும் நினைத்தார். குளிக்கும்போது நினைத்தார், பஸ்ஸில் நினைத்தார். நேற்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது பருப்பைப் பார்த்து, "மஞ்சப் பொடி போட மறந்துட்டியா?" என்று கேட்டார். காந்திமதி, "போட்டிருக்கேனே" என்றாள். "எங்க போட்ட? வெள்ளையாக் கெடக்கு." அவள் எழுந்துபோய் இன்னும் கொஞ்சம் மஞ்சள் பொடி போட்டுக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்து ஊற்றினாள். வாயில் வைத்தார். கசந்தது. நாக்குச் சொன்னது, மஞ்சள் இருக்கிறது, அளவுக்கு மேலே இருக்கிறது. கண் சொன்னது, இல்லை. இரண்டில் எது பொய் சொல்கிறது? சோற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். காந்திமதி தன் தட்டில் ஊற்றிக்கொண்ட பருப்பை முகம் சுளிக்காமல் தின்றுகொண்டிருந்தாள். அந்தக் கசப்பை அவள் முகம் சுளிக்காமல் தின்றதுதான் அவரை உலுக்கிவிட்டது. எத்தனை நாளாக இப்படித் தின்கிறாள்?

இன்றைக்குக் காலையில் காப்பியை வாங்கும்போதே சொல்லிவிட்டார்: "கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம்." ஆறு மாசமாகப் போவோம் போவோம் என்று பின்னாலேயே வந்தவள், இன்று, "இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா, கோயிலுக்குப் போணும், திங்கக்கெழம போவோமே" என்றாள். பயம். அவளுக்கும் பயம். "இன்னைக்குத்தான்" என்றார். "சாயங்காலமாவது..." "இப்பத்தான்." சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றுவிட்டார். நின்றால் காலம் காலமாக நிற்பார் என்று அவளுக்குத் தெரியும். வேட்டி. ஆமாம், வேட்டியும்தான். வெளுப்பே இல்லை, பழுப்பாகக் கிடக்கிறது என்று துவைக்கிற பெண்ணிடம் சத்தம் போட்டு, நீலம் இன்னும் போடு, இன்னும் போடு என்று போடவைத்து, அதைக் கட்டிக்கொண்டு மைத்துனர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால், மைத்துனர் பந்தியில் வைத்து, "அத்தான், நீல வேட்டி எங்க எடுத்தீய? புதுமையா இருக்கே" என்று கேட்டார். கிண்டல் என்று நினைத்து, மைத்துனரோடு பேச்சை விட்டாயிற்று. பாவம் அந்த மனுஷன், நிஜமாகவே கேட்டிருக்கிறார். பருப்பு, வேட்டி, பல்பு, மை. துவைக்கிற பெண், கடைக்காரன், கம்பெனிக்காரன், மைத்துனர், ஊரில் இருக்கிற எல்லாரையும் வரிசையாக நிறுத்திக் குற்றம் சாட்டியாயிற்று. வரிசையில் நிற்காத ஒரே ஆள் இந்த இரண்டு கண்ணும்தான். தப்புக் கண்டுபிடிக்கிற சிவப்பு மையை அவர் யார் யார் பேரிலெல்லாம் ஓட்டியிருக்கிறார், சே.

லைட்டு மங்கல் என்று சொன்னது அப்பா. வந்துவிட்டது, வரட்டும். கண்ணை மூடிக்கொண்டு எங்கே ஓடுவது? "லைட்டு மங்கலா இருக்குடே, ஈ.பி.காரன் கரண்ட்டத் திருடுதான்" என்று அப்பா சொல்வார். விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது, மார்கழிப் பனி என்பார். சித்திரையிலும் பனி என்பார். அப்பாவுக்குக் கண்ணில் பிரஷர். நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், தின்றது திரும்பாது. அது பிறகு தெரிந்தது. அதற்கு முன்னால் அப்பா தினமும் காலையில் பேப்பரை விரித்துப் பிடித்து வீட்டுக்கே கேட்கிற மாதிரி வாசிப்பார். அணையில் தண்ணீர் ஏறியிருக்கிறது, வெங்காயம் விலை இறங்கியிருக்கிறது, மந்திரி வருகிறார். அம்மா அடுப்படியிலிருந்து உம் கொட்டுவாள். ஒருநாள் காலேஜுக்குக் கிளம்பிய சங்கரலிங்கம் பின்பக்கமாகப் போனபோது பார்த்தார், அப்பா பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, தாமிரபரணியில் வெள்ளம் என்று கம்பீரமாக வாசித்துக்கொண்டிருந்தார். எத்தனை மாசமாக அந்த வீடு அப்பா இட்டுக்கட்டிய சேதியைக் கேட்டுக்கொண்டிருந்தது? அம்மா உம் கொட்டினாளே, அவளுக்குத் தெரியாதா? தெரியும். மகன் செருப்பை மாட்டிக்கொண்டு சத்தம் இல்லாமல் வெளியே போனான். யாரும் கேட்கவில்லை, அப்பாவும் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. எனக்குத் தெரியவில்லை என்று ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லியிருந்தால் மிச்சம் இருந்ததையாவது நிறுத்தி வைத்திருப்பார்களாம், டாக்டர் சொன்னார். கௌரவம். அந்தக் கௌரவத்தை என்ன செய்வது, அதைக் கொண்டு ரோட்டைக் கடக்க முடியுமா? சங்கரலிங்கம் பேனாவை இன்னும் இறுக்கினார்.

இந்த வரிசைக்கு வருவதற்கு முன்னால் ஒரு மிஷினில் தாடையை வைக்கச் சொல்லி, புஸ்ஸென்று கண்ணில் காற்றை ஊதினார்கள். பிரஷர் பார்க்கிறார்களாம். பார்த்த பெண் எதையோ எழுதினாள், ஒன்றும் சொல்லவில்லை. அதிகமா என்று கேட்டார். "டாக்டர் சொல்வாங்க சார்" என்றாள். அதிகம் இல்லையென்றால் இல்லை என்று அவளே சொல்லியிருப்பாளே. இல்லை, அவளுக்குச் சொல்ல உத்தரவு இருக்காது. இவர் ஆபீஸிலும் கவுண்டரில் இருந்தவன் ஒன்றையும் சொல்லமாட்டான். இல்லை, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பினாளா, அடுத்த ஆளைக் கூப்பிடத் திரும்பினாளா? சும்மா கிட, மனசே. நரம்பு போயிருந்தால் போனதுதான். புரையாக இருந்தால் வெட்டி எடுத்துவிடுவார்கள், வேறு லென்ஸ் வைப்பார்கள், எல்லாம் பழைய வெள்ளை. இரண்டில் ஒன்று. இரண்டில் எதுவாக இருந்தாலும் தெரிந்துகொண்டுதான் இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போவது. அப்பாவின் பேப்பரை நான் பிடிக்கமாட்டேன். அப்படியானால் ஆவணி ஞாயிற்றுக்கிழமை நீட்டிய அந்தக் காகிதம் என்ன? அது எந்த நிறத்தில் இருந்தது? நினைப்பு அங்கே வந்து முட்டி நின்றது, நின்று, பின்னால் போய், மறுபடியும் வந்து முட்டியது. காந்திமதி ஒருநாள் சொன்னாளே, சித்திரையிலா, வைகாசியிலா, மேஜையைத் துடைத்துக்கொண்டே, "என்ன, காப்பிக் கலர்ல எழுதியிருக்கீய?" என்று. அவர் கையில் இருந்த மூடியை எறிந்தார். பொன்மஞ்சளுக்கும் காப்பிக்கும் வித்தியாசம் தெரியாதவளோடு குடும்பம் நடத்துகிறேன் என்று கத்தினார், அன்று சாப்பிடவில்லை, மறுநாளும் முகம் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் பேனாவைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. காப்பி. கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பக்கத்தைப் பார்க்க முயன்றார். மனசுக்குள் அது பொன்மஞ்சளாகத்தான் இருந்தது. மனசு வேறு ஒரு காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

விரலில் ஏதோ ஈரம். கண்ணீர் இல்லை, கண் மேலே இருக்கிறது, விரல் கீழே இருக்கிறது. பேனா. மை குறைந்து, உள்ளே காற்று ஏறியிருந்தால், கைச்சூட்டுக்கு சொட்டுக்குழலால் மை ஊற்றுகிற இந்தப் பேனா கக்கும். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் மாடியில் அவர்தான் இதை எச்சரிப்பார். இப்போது அவரே குழந்தையைப் போல இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். கண்ணைத் திறக்காமலே மூடியைத் தடவி, திருகை இறுக்கி, பேனாவைப் பஞ்சால் துடைத்தார், விரலையும் துடைத்தார். பஞ்சு நனைந்தது. செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்து சட்டென்று நின்றது. "ஐயா! என்னய்யா இது, பஞ்சு பூரா? கண்ணுல ஏதாச்சும் வடியுதா?" நர்ஸ் பெண்ணின் குரல் பதறியது. "கண்ணுல இல்லம்மா, கையில" என்றார் சங்கரலிங்கம். "பேனா கக்கிட்டு. மை." அவள் மூச்சு விட்டாள். "பயந்தே போனேன். யாரோ டிஞ்சர்ல நனைச்ச பஞ்ச எடுத்துக் குடுத்துட்டாங்களோன்னு நெனச்சேன்." அவர் கண்ணைத் திறந்தார். வெயில் ஒரேயடியாக உள்ளே கொட்டியது. எல்லாம் கலங்கல், அவள் முகம் ஒரு வெளிச்ச மூட்டை, கையில் இருந்த பஞ்சு ஒரு மங்கல் திட்டு. "டிஞ்சரா?" என்று கேட்டார். "ஏம்மா, இது மஞ்சளா இல்லையா?" கேட்டுவிட்டார். கேட்டு முடித்த பிறகுதான் கேட்டது தெரிந்தது. அவள் கொஞ்சம் சிரித்தாள், பெரியவர் விளையாடுகிறார் என்று நினைத்திருப்பாள். "மஞ்சளா? நல்ல பிரவுன் ஐயா. கருப்பட்டிக் காப்பி மாதிரி இருக்கு. கண்ண நல்லாத் தொறங்க, பாக்கேன். ஆங், பாப்பா நல்லா விரிஞ்சிட்டு. அடுத்து நீங்கதான்" என்று, அடித்துப் பார்த்த டார்ச்சை அணைத்துவிட்டுப் போனாள்.

பிரவுன். அவமானம் காது மடல் வரைக்கும் ஏறியது. ஏழெட்டுப் பேர் முன்னால் பிரவுனில் எழுதிய காகிதத்தை நீட்டி, இதோ பார் என் மஞ்சள் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றிருக்கிறார். யாரும் சிரிக்கவில்லை. மஞ்சளுக்குச் சிரித்தவர்கள் பிரவுனுக்குச் சிரிக்கவில்லை. செல்லத்துரை வாசித்து முடித்துத் தோளில் கை வைத்தார். அம்மா உம் கொட்டிய மாதிரி. அவமானத்துக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது, அது என்னவென்று முதலில் பிடிபடவில்லை. ஒரு சந்தோஷம். வெட்கம் கெட்ட சந்தோஷம். மை வெளுக்கவில்லை. கம்பெனிக்காரன் தண்ணீர் ஊற்றவில்லை. கொல்லை வெயிலில் பார்த்த அந்த நிறம் எங்கேயும் போகவில்லை, ஊரில் எல்லாருக்கும் அது அப்படியே இருக்கிறது, இவர்தான் அதன் மேல் சொட்டுச் சொட்டாக மண்ணைப் போட்டிருக்கிறார். இரண்டு குப்பியிலும் போட்டாயிற்று. கலக்காத மை ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

"காந்திமதி." "ம்." "அது காப்பிக் கலர்தான்." வளையல் சத்தம் நின்றுவிட்டது. "நீ சொன்னது சரிதான். ரொம்ப நாளா எனக்கு மஞ்சளே தெரியல போலிருக்கு." அழுகிறாளோ என்று திரும்பினார். பக்கத்தில் இருந்தவள் ஒரு பச்சைப் புடவையும் கலங்கலுமாகத்தான் தெரிந்தாள். பச்சைதானா? கேட்டுக்கொள்ளலாம், இனி எதையும் கேட்டுக்கொள்ளலாம். "ஏன் மறுபடி சொல்லல?" என்று கேட்டார். "சொன்னா கத்துவீய." "கத்துனா என்ன? கத்தட்டும்னு சொல்லணும்லா?" "மாமாவுக்கு வந்தது வந்திருக்குமோன்னு..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை, முந்தானையை எடுத்து, கீழே குனிந்து, அவர் விரலில் இருந்த மையைத் துடைக்க ஆரம்பித்தாள். அழுத்தித் துடைத்தாள். "ரெண்டு குப்பியிலயும் ஒரு சொட்டுகூட நல்ல மை இல்ல. எல்லாத்தையும் கெடுத்துட்டேன்" என்றார் அவர். அவள் துடைப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "நல்ல மை இருக்கு." "எங்க?" "நீங்க மூடிய எறிஞ்சு கத்துன அன்னைக்கு, கோயிலுக்குப் போயிருந்தியள்லா, அப்ப கீழ்த்தட்டுல பிரிக்காத இன்னொரு குப்பி இருந்துச்சு, மகன் குடுத்ததுல ரெண்டாவது. அதுல பாதிய இருமல் மருந்துக் குப்பியில ஊத்தி அரிசி டப்பாவுக்குப் பின்னால வச்சிருக்கேன். மறுபடி அந்தக் குப்பிய மூடி வச்சுட்டேன். அத நீங்க பாதின்னு கூடக் கவனிக்கல." கவனிக்கவில்லை. கவனிக்காமல் அதிலும் பிரவுனை ஊற்றியிருக்கிறார். "எதுக்கு எடுத்து வச்ச?" "என்னைக்காவது உங்களுக்கு வேணும்னு கேப்பீயன்னுதான்" என்றாள் காந்திமதி.

"சங்கரலிங்கம்" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். எழுந்தார். தரை எங்கே முடிகிறது, கதவு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. காந்திமதி முழங்கையைப் பிடிக்க வந்தாள், விட்டார், பிடிக்கட்டும். அப்பா இப்படி யாரையும் பிடிக்கவிட்டதில்லை. நடக்கும்போதே ஒன்றை முடிவு செய்துகொண்டார். வெளியே வந்ததும் செல்லத்துரைக்குப் போன் போட வேண்டும். வே, அது பிரவுன், எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அந்தப் பந்தயம் செல்லாது, நீர் ஜெயிக்கவும் இல்லை நான் ஜெயிக்கவும் இல்லை, மறுபடி வைக்கணும். பரிதாபப்பட்ட கையை எடுத்துவிட்டுச் சண்டைக்கு வாரும். டாக்டர் ஒரு வெளிச்சத்துக்குப் பின்னால் இருந்தார், பெண் குரல், சின்னப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். "உக்காருங்க சார். என்ன பண்ணுது?" என்றாள். ஒன்றும் பண்ணவில்லை, சும்மா ஒரு செக்கப்புக்கு என்று நாக்கு நுனிக்குத் தயாராக வந்து நின்றது, பரம்பரைப் பதில், கம்பீரமான பதில். சங்கரலிங்கம் அதை விழுங்கினார், சொட்டு மருந்தின் கசப்போடு சேர்த்து. தாடையை மிஷினில் வைப்பதற்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டாக்டர், எங்க அப்பாவுக்குக் கண் பிரஷர்ல பார்வை போச்சு. அவரு கடைசி வரைக்கும் யார்ட்டயும் சொல்லல" என்றார். "எனக்கு மஞ்சள் தெரியல. ஆறேழு மாசமாத் தெரியல. நரம்பா, புரையா, எதுன்னாலும் மறைக்காமச் சொல்லுங்க. எனக்கு மஞ்சள்ல ஒரு பக்கம் எழுத வேண்டியது பாக்கி இருக்கு."